காற்றுப் போத்தலுக்கு ஒரு றபர் வளையம் கேட்டு

உரும்பிராய்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: உங்களிடம் வாங்கிய மீள நிரப்பும் காற்றுத் தெளிப்பான் காற்றைப் பிடித்து வைக்காமை, அதற்கு உதிரிப்பாகம் தர மறுத்தமை, போத்தலில் அழுத்த அளவு பொறிக்கப்படாமை

ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனத்தின் இணையக் கடையில் ஓடர் செய்து வாங்கிய, தூசு ஊதப் பாவிக்கும் ஒரு லீற்றர் காற்றுத் தெளிப்பான் பற்றி எழுதுகிறேன். பற்றுச்சீட்டின் பிரதியும், கீழே சொல்லும் குறைகளைக் காட்டும் படங்களும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வேறொருவர் பேசுவார், நான் முதலிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

வீட்டு வளவில் ஒரு சிறு கொட்டில் போட்டு தையல் மெஷின், மின்விசிறி, மிக்சி, பழைய றேடியோ என்று திருத்துகிறவன் நான். எங்கள் பக்கம் செம்மண். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் புரட்டாதி வரை புழுதி அடங்காது. கதவைச் சாத்தினாலும் அது வந்து படியும். மோட்டோர் சுருளுக்குள் போனால் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். தூரிகை எட்டாத இடத்துக்குக் காற்றைத்தான் அடிக்க வேண்டும். வாயால் ஊதினால் ஈரமும் சேர்ந்து போகும், புழுதியும் திரும்பக் கண்ணுக்குள் வரும்.

கணினிக் கடைகளில் விற்கும் தூசு ஊதும் ரின்களைப் பாவித்திருக்கிறேன். காற்று என்று எழுதியிருந்தாலும் அவற்றுள் பெரும்பாலும் இருப்பது திரவமாக்கிய வாயு. சிலவற்றில் எச்.எப்.சி. 152ஏ என்ற வாயு. அது தீப்பற்றும். கிறைண்டர் பொறி பறக்கிற, மோட்டோர் கரி தேய்ந்து தீப்பொறி வருகிற கொட்டிலுக்குள் அதை அடிக்க எனக்கு மனம் வருவதில்லை. வேறு சிலவற்றில் எச்.எப்.சி. 134ஏ. அது தீப்பிடிக்காது, ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடை காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். 2016இல் கிகாலியில் உலக நாடுகள் கூடி இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உடன்பட்டதே இதனால்தான். ரின்னைக் கொஞ்சம் கவிழ்த்துப் பிடித்தாலும் திரவமே வெளியே வந்து விரலைச் சுடுகிற அளவுக்குக் குளிரும். முடிந்த பிறகு வெறும் ரின்னை எங்கே போடுவது? எங்கள் ஊரில் வளவு மூலையில் குப்பை கூட்டி எரிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நெருப்பில் இப்படி ஒரு ரின் அகப்பட்டால் வெடிக்கும். பிள்ளைகள் ஓடித்திரிகிற வளவு அது.

ஆகவே உங்கள் விளம்பரத்தைக் கண்டதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். உருக்குப் போத்தல், அடியில் மோட்டார் சைக்கிள் ரயரில் இருக்கும் அதே வகை வால்வு, மேலே விசையும் நீண்ட மூக்கும். சைக்கிள் பம்பாலும் நிரப்பலாம், ரயர் கடையிலும் நிரப்பலாம். உள்ளே போவது வெறும் காற்று. ‘ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுதும்’ என்று எழுதியிருந்தீர்கள். இப்படி ஒரு சாமான் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

நிரப்பி வைத்தால் மறுநாள் காலை போத்தல் வெறுமையாக இருக்கிறது. எங்கே போகிறது என்று பார்க்க, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசினேன். முதலில் அடி வால்வு. அங்கே ஊசிமுனை அளவில் சிறு குமிழிகள் வரிசையாக வந்தன. அது பெரிய விடயமில்லை. ரயர் கடையில் வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள், சில்லறைக் காசுதான். கழுத்து மரையில் ஒன்றும் வரவில்லை, அந்த வேலை சுத்தம். பிறகு விசைத் தண்டைச் சுற்றிப் பூசினேன். பூசிய கையோடு நுரை பொங்கி ஒரு பெரிய குமிழியாகி உடைந்தது, அடுத்தது எழும்பியது. பெட்டிக்குள் வந்த உங்கள் அறிவுறுத்தல் தாளிலேயே விசைத் தலையைக் கழற்றித் துப்புரவு செய்யும் படம் இருக்கிறது. அந்தப் படத்தில் உள்ளபடியே கழற்றினேன். தண்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய கறுப்பு றபர் வளையத்தில் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அது உட்காரும் தவாளிப்பின் விளிம்பில் பிசிறு அப்படியே கிடக்கிறது, நகத்தால் தடவினாலே தட்டுப்படும். தொழிற்சாலையில் அந்த விளிம்பைத் தேய்த்து விடாமல் வளையத்தைத் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். படத்தில் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறேன், பார்க்கவும்.

சரி, வளையம் ஒன்று அனுப்புங்கள், காசு தருகிறேன் என்று உங்களிடம் கேட்டேன். உதிரிப்பாகம் விற்பதில்லை, உத்தரவாதக் காலம் என்றபடியால் கொழும்புக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்று பதில் வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் சுமார் 400 கிலோமீற்றர். ஒரு றபர் வளையத்துக்காக இரவு பஸ் ஏறி வந்து, அடுத்த இரவு திரும்பிப் போவதா? பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் உழைப்பு எல்லாம் கூட்டினால் போத்தலின் விலையைத் தாண்டும். கூரியரில் அனுப்பினால் போகிற செலவும் வருகிற செலவும் என்னுடையதாம். உத்தரவாத அட்டையில் ‘நாடு முழுவதும்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். எங்களுக்கு அந்த வார்த்தையால் ஒரு பலனும் கிடைக்கவில்லை.

உள்ளூரிலும் தேடாமல் இல்லை. ஸ்ரான்லி வீதிக் கடைகளில் வளையத்தைக் காட்டிக் கேட்டேன். சமையல் காஸ் றெகுலேற்றருக்குப் போடுவது பெரிது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது தடிப்பு, விசை உள்ளே போய்த் திரும்பாமல் இறுகிக்கொள்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர், இருந்த பெட்டியெல்லாம் கொட்டிப் பார்த்தார். ‘அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, எடுப்பிச்சுத் தாறன்’ என்றார். அந்த அளவைத்தான் உங்களிடம் கேட்டேன். உள்விட்டமும் தடிப்பும் என்ன மில்லிமீற்றர் என்று இரண்டு இலக்கம் சொன்னால் போதும். அதுவும் தெரியாது என்றார்கள். விற்கிற நிறுவனத்துக்கே தெரியாவிட்டால் வாங்கியவன் எங்கே போவான்?

மீள நிரப்பும் சாமானில் தேய்வது போத்தல் அல்ல. வால்வு ஊசியும் இந்த வளையங்களும்தான் தேயும். அவற்றை மாற்ற வழி வைக்காவிட்டால், நல்ல உருக்குப் போத்தல் ஒன்று சில ரூபா றபருக்காகப் பழைய இரும்புக்குப் போகும். தூசு ரின்னை எறிவதைவிட இது கூடிய நட்டம். அதில் இருப்பது மெல்லிய தகரம், இது தடித்த உருக்கு.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள்.

பெட்டியில் உள்ள படத்தில் காற்றின் அழுத்தம் 10 பார் என்று போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஆங்கிலத் தாளில் ஆகக்கூடியது 0.6 மெகாபஸ்கால் என்று இருக்கிறது, அதாவது 6 பார். போத்தலிலோ ஒரு இலக்கமும் இல்லை, நிறுவனத்தின் சின்னம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் ரயர் கடைகளில் மானி பி.எஸ்.ஐ. என்ற வேறோர் அழுத்த அலகில் காட்டும். 6 பார் என்றால் 87, 10 பார் என்றால் 145. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நான் கொண்டுபோனபோது காற்றடிக்கிற தம்பி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அண்ணை, இதுக்கு எவ்வளவு அடிக்கிறது? நம்பர் ஒண்டையும் காணேல்லை’ என்று கேட்டான். தாளைக் காட்டிய பிறகுதான் குழாயைப் பூட்டினான். அந்தப் பிள்ளைக்கு இருந்த பொறுப்பு போத்தலைச் செய்தவருக்கு இருந்திருக்க வேண்டும். தாள் தொலைந்த வீட்டில், பெட்டியில் கண்ட படத்தை நினைவில் வைத்து ஒருவர் 145 வரை அடித்தால் என்ன நடக்கும்? மேலதிக அழுத்தத்தைத் தானாக வெளிவிடும் பாதுகாப்பு வால்வும் இதில் இல்லை. வெயிலில் நிற்கிற வானுக்குள் வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். 30 பாகையில் நிரப்பியது 60 பாகைக்குச் சூடானால் பத்தில் ஒரு பங்கு கூடும்.

அழுத்தம் தாங்கும் பாத்திரங்களைத் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பது வழக்கம். தண்ணீர் அமுக்கினால் அநேகமாகச் சுருங்காது, அதனால் வெடித்தாலும் காற்று நிரப்பியதுபோலத் துண்டுகள் பறக்காது. இந்தப் போத்தலை அப்படிச் சோதித்தார்களா, எந்த அழுத்தத்தில் சோதித்தார்கள் என்று எழுத்தில் அறியத் தாருங்கள். இது வாங்கியவர் கேட்க உரிமையுள்ள கேள்வி.

அடுத்தது ஈரம். நம் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். 30 பாகையில், 80 வீத ஈரப்பதனில் ஒரு கன மீற்றர் காற்றுக்குள் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். ஏழு லீற்றர் காற்றை ஒரு லீற்றருக்குள் அமுக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீராகிவிடும், ஒவ்வொரு நிரப்பலுக்கும் இரண்டு மூன்று துளி. போத்தலின் உட்பக்கம் பூச்சு இல்லாத உருக்கு. ஒரு றேடியோவின் சர்க்கியூட்டை ஊதியபோது மூக்கிலிருந்து தேயிலைச் சாய நிறத்தில் துளிகள் தெறித்து, பச்சைப் பலகையில் புள்ளி புள்ளியாக நின்றன. துடைத்துக் காயவைத்ததால் தப்பியது. உள்ளே துரு தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. துரு போத்தலின் சுவரைத் தின்னும், சுவர் மெலிந்தால் மேலே சொன்ன அழுத்தப் பயம் இன்னும் கூடும். பாவித்து முடிந்ததும் கவிழ்த்துப் பிடித்து மிச்சக் காற்றோடு தண்ணீரையும் வெளியேற்றுங்கள் என்று ஒரு வரி உங்கள் தாளில் இல்லை. தோலுக்கோ கண்ணுக்கோ நேரே அடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் மட்டும், மிகச் சிறிய எழுத்தில். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சொல்லும் இல்லை. கொட்டிலில் எனக்குக் கைகொடுக்கிற மருமகனுக்கு நான் வாசித்துத்தான் சொன்னேன். வாசித்துச் சொல்ல ஆளில்லாத வீடுகளை யோசியுங்கள்.

இன்னொன்று, விளம்பரத்தில் ‘நிமிடக்கணக்கில் தொடர்ந்து ஊதும்’ என்று இருக்கிறது. ஒரு லீற்றர் போத்தலில் 6 பார் நிரப்பினால், கடைசியில் உள்ளேயே நின்றுவிடும் ஒரு லீற்றர் போக, வெளியே வரக்கூடியது ஆறு லீற்றர் காற்று. ஒரு மில்லிமீற்றர் துளையால் விட்டால் தொடக்கத்தில் விநாடிக்கு ஒரு லீற்றர் மட்டில் போகும், பிறகு அழுத்தம் விழுந்துகொண்டே வரும். திரவ வாயு ரின்னில் திரவம் ஆவியாகி ஆவியாகி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும், வெறும் காற்றுக்கு அந்த வசதி இல்லை. இதில் எனக்கு மனக்குறை கிடையாது. விட்டு விட்டு, கிட்டப் பிடித்து அடித்தால் ஒரு தையல் மெஷினின் அடிப்பகுதியைத் துப்புரவாக்க ஒரு நிரப்பல் போதும், திரும்ப நிரப்பக் காசும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாலே இந்தச் சாமான் விற்கும். பொய்க் கணக்கை நம்பி வாங்கியவர் ஏமாந்து மூலையில் போட்டுவிடுவார்.

நான் கேட்பது இவைதான். என் போத்தலை யாழ்ப்பாணத்திலேயே, உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, பிசிறு இல்லாத, அழுத்த அளவு பொறித்த வேறொன்று தாருங்கள். அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். வளையங்களையும் வால்வு ஊசியையும் ஒரு சிறு பையில் போட்டு விலைக்கு விடுங்கள். குறைந்தபட்சம் அவற்றின் அளவைத் தாளில் அச்சடியுங்கள், நாங்கள் இங்கேயே தேடி எடுத்துக்கொள்வோம். பெட்டியில் உள்ள 10 பாரை உடனே நீக்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் உங்களுக்குத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. 6 பாருக்கு மேல் அடிக்க வேண்டாம் என்று அவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். எனக்குப் பணம் திரும்பி வருவதைவிட இந்தக் குறுஞ்செய்தி போவது முக்கியம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. இரண்டு வாரத்துக்குள் உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதியையும் படங்களையும் அதிகாரசபையிடம் ஒப்படைப்பேன். அதற்கு முன் நீங்களே தீர்த்துவைப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

வெட்டுப்பட்ட வளையத்தை ஒரு சிறு பொலித்தீன் பையில் போட்டு இக்கடிதத்தோடு தைத்திருக்கிறேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாரிடமாவது கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
உரும்பிராய்.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் பிரதி, படங்கள், றபர் வளையம்.