பி.சி.ஜி. பெற்ற ஒருவனின் நன்றி மடல்

என் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

சிறுநீரில் வலியின்றி இரத்தம் கலந்து வந்ததை, முதலில் பார்த்த மருத்துவர் கிருமித்தொற்று என்றே நான்கு மாதங்கள் கருதிக்கொண்டிருந்தார்; அந்தக் குறையை இங்கே விரிக்க விரும்பவில்லை. உள்நோக்கிக் கருவி வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுத்த அறுவை மருத்துவருக்கும், அது வீரியம் மிக்க புற்றுநோய்தான் என்றாலும் தசைவரை இறங்கவில்லை என்று கண்டறிந்த, இன்றுவரை நான் முகம் பார்த்திராத நோயியல் வல்லுநருக்கும் என் நன்றி. இறங்கியிருந்தால் சிறுநீர்ப்பையையே எடுக்க நேர்ந்திருக்கலாம்.

மீண்டும் முளைக்காதிருக்க பி.சி.ஜி. செலுத்த வேண்டும் என்றபோது, குழந்தைகளுக்குக் கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியா என்று திகைத்தேன். அதேதான். வீரியம் குறைக்கப்பட்ட அந்த உயிருள்ள கிருமி சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ள, அதை எதிர்க்கத் திரளும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே எஞ்சியிருக்கும் புற்றணுக்களையும் சேர்த்தே தாக்குகின்றன என்பதை மருத்துவர் தாளில் படம் வரைந்து விளக்கினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரங்கள். கூச்சத்தால் குன்றிப்போய்ப் படுத்திருந்த எனக்கு, வலி தெரியாமல் குழாய் செலுத்திய செவிலிய சகோதரிக்கு எப்படி நன்றி சொல்வது? மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கிவைத்திருக்க வேண்டும். அது எல்லாப் பக்கமும் படவேண்டும் என்று, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிக்கு ஒருமுறை என்னைப் புரண்டு படுக்கச் சொன்னவர் அவர். நான்காம் வாரம் எரிச்சலும் காய்ச்சலும் வந்து, நிறுத்திவிடலாமா என்று நான் தயங்கிய இரவில், தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டு, அஞ்ச வேண்டியதில்லை என்று உறுதி சொன்னவரும் அவரே. சிறுநீரோடு வெளியேறும் அந்தக் கிருமியை அழிக்க, வீட்டில் ஆறு மணி நேரம் வரை நான் சிறுநீர் கழித்த ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிடும் வேலையை, முகம் சுளிக்காமல் செய்தவள் என் மகள்.

தொலைவில் இருப்போரையும் நினைக்கிறேன். மாட்டுக் காசநோய்க் கிருமியை, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 1908 முதல் 13 ஆண்டுகள், ஏறத்தாழ 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் தணித்த கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் புற்றுநோயை நினைத்து அதைச் செய்யவில்லை. அதைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் பயன்படுத்தி 1976இல் கட்டுரை வெளியிட்டவர் கனடாவின் மொராலஸ். அக்கட்டுரையில் இருந்த நோயாளிகள் ஒன்பதே பேர். பலன் கிடைக்குமா என்று எவரும் உறுதி சொல்ல முடியாத காலத்தில் அந்தச் சிகிச்சைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த, பெயர் தெரியாத அந்த ஒன்பது பேருக்குத்தான் என் கடன் மிகப் பெரியது என்று எண்ணுகிறேன்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் கட்டி எதுவும் தென்படவில்லை. பலன் நீடிக்க அதே மருந்தை மீண்டும் செலுத்தும் பராமரிப்புத் தவணைகள் மூன்றும் அடுத்த வாரம் தொடங்குகின்றன. சகோதரி, இம்முறை கடிகாரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி