தண்ணி இன்னும் 12 டிகிரி தான் மகன்

மகன், நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் சொகம். சித்திரை பொறந்ததுல இருந்து சாயந்தரமானா இடியும் மழையும் தான், ரெண்டு மணிக்கே மலையெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துருது. அக்கா புள்ளைகளோட வந்து இருந்துட்டு நேத்து தான் பொகவந்தலாவைக்கு போனா. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே தான் இருக்கு, ஒன்கிட்ட சொல்ல வேணாம்னா, சொல்லிட்டேன்.

நான் எழுத வந்தது வேற. அங்க அமெரிக்காவுல ஒங்க செசபீக் விரிகுடாவுல மிதவை போட்டு வச்சிருக்காங்கல்ல, தண்ணி சூடு, காத்து, அலை எல்லாம் நெட்ல காட்டுது, அத நான் தெனம் காலையில டீ குடிக்கும்போதே பாத்துருவேன். அன்னாபொலிஸ் மிதவையில நேத்து 54ன்னு இருந்துச்சு, அது ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 12 டிகிரி. அதே நேரம் வெளிய 26 டிகிரி வெயில். இது தான் மகன் எனக்கு பயமே. வெயில பாத்து டீசர்ட்டோட எறங்குறீங்க, தண்ணி இன்னும் குளிர்காலத்த விட்டு வரல. காத்து ஒரே நாள்ல சூடாகும், அவ்வளவு தண்ணி சூடாக வாரக்கணக்காகும். தேயிலை ஃபேக்டரியில டிரையர் தெர்மோமீட்டர பாத்து பாத்தே சோறு தின்ன ஆளு நான், அஞ்சு டிகிரி என்னா செய்யும்னு எனக்கு ஒருத்தனும் சொல்லித்தர வேணாம்.

நீ கயாக்ல உக்காந்து எடுத்த போட்டோவ பெருசாக்கி பாத்தேன். லைஃப் ஜாக்கெட் ஒன் முதுகுக்கு பின்னால கயித்துல சொருகி கெடக்கு, கடையில குத்துன டேக் கூட இன்னும் கழட்டல, அப்படியே தொங்குது. அம்மாகிட்ட காட்டல. அந்த மாதிரி தண்ணிக்குள்ள திடீர்னு விழுந்தா மொத ஒரு நிமிசம் மூச்சு தாறுமாறா இழுக்குமாம், அந்த நேரத்துல வாய்க்குள்ள தண்ணி போனா நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் போயிருவான். அதுல தப்பிச்சா கையும் காலும் சொன்னபடி கேக்குறது ஒரு பத்து நிமிசம் தான், அப்புறம் பக்கிள மாட்ட விரல் மடங்காது. மயக்கம் வர ஒரு மணித்தியாலம் ஆகும்னு போட்டிருக்காங்க, ஆனா ஜாக்கெட் இல்லாதவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம் கெடைக்கவே கெடைக்காது. விழுந்தப்புறம் போட்டுக்கலாம்னு நெனைக்காத. மேல பென்சில்வேனியாவுல நவம்பர் 1ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் கயாக்ல போறவன் அத போட்டே ஆகணும்னு சட்டமே வச்சிருக்காங்க. ஒங்க பக்கத்துல சட்டம் இல்லாட்டி என்னா, அப்பா சொல்றேன், போடு.

அந்த ஷாட் மீன நீ தண்ணிக்குள்ளயே வச்சு கழட்டி விட்டேன்னு எழுதியிருந்தத வாசிச்சு எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. ஒங்க மேரிலேண்ட்ல 1980ல இருந்தே அத பிடிச்சு வச்சுக்க கூடாதாம், அக்காவுக்கும் காட்டுனேன், பாரு ஒன் தம்பி எப்படி சட்டத்த மதிச்சு நடக்குறான்னு. கோடு போட்ட ராக்ஃபிஷ் கதையும் வாசிச்சேன். கடல்ல இருந்து பொட்டை மீனெல்லாம் சித்திரையில தான் ஆத்துக்குள்ள ஏறி முட்டை விடுது, சோப்டாங்க், நான்டிகோக், பொடோமாக்னு. ஒரு காலத்துல அள்ளி அள்ளி அழிச்சுட்டு 1985ல இருந்து அஞ்சு வருசம் பிடிக்கவே கூடாதுன்னு மூடியிருக்காங்க, அது கூடி வந்துச்சு, இப்ப மறுபடி குஞ்சு கொறைஞ்சு போய் 2024ல மே மாசம் பெரிய மீன் பிடிக்கிற சீசனையே நிப்பாட்டிட்டாங்க. நீ இதெல்லாம் தெரிஞ்சு தான் போற, எனக்கு தெரியும். மீனுக்கு பாக்குற சட்டத்த கொஞ்சம் ஒன் ஒடம்புக்கும் பாக்கலாம்ல.

தனியா போகாத. சஸ்குவெஹானா ஆத்து வாயில அந்த ஆழமில்லாத ஃப்ளாட்ஸ் பக்கம் போறேன்னு சொன்னியே, அங்க இருந்து கொஞ்ச தூரம் மேல கொனோவிங்கோ அணை இருக்கு, ஒனக்கு சொல்லவா வேணும். விரிகுடாவுக்கு வர்ற நல்ல தண்ணியில பாதி அந்த ஒரு ஆத்துல இருந்து தான் வருது. நீ நிக்கிற எடத்துல வெயிலடிக்கும், மேல நியூயார்க், பென்சில்வேனியாவுல பனி உருகியோ மழை பேஞ்சோ வான் கதவ தொறந்துட்டாங்கன்னா தண்ணி செங்காவியா மரம் மட்டையோட வரும். மேல மவுசாகலை அணைப்பக்கம் மழை பேஞ்சா கீழ இருக்குற கித்துள்கலைக்காரன் பயப்படணும்னு ஒனக்கு சின்னதுலயே சொல்லிக்குடுத்திருக்கேன். அங்க சைரன் ஊதுவாங்களாம், ஊதுற வரைக்கும் காத்திருக்காத, தண்ணி நெறம் மாறுனாலே கரைக்கு வந்துரு. காத்தும் பாரு. ஒங்க விரிகுடா பாக்க தான் கடல் மாதிரி பெருசு, சராசரி ஆழம் 21 அடி தானாம், அதனால தான் தண்ணி வத்தி கடல் பக்கம் எறங்குற நேரத்துல எதிர் காத்து அடிச்சா அலை குட்டையா, செங்குத்தா, ஒன்னு மேல ஒன்னு வருது. மீன் கொத்துறதும் அந்த தண்ணி ஓடுற நேரத்துல தான், அதனால தான் எல்லாரும் அப்ப போய் நிக்கிறாங்க. ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு போ.

இல்லாட்டி கரையில நின்னு பிடியேன். அங்க ஸ்னேக்ஹெட்னு ஒன்னு இருக்காமே, படத்த பாத்ததும் தெரிஞ்சிருச்சு, அது நம்ம விரால் சாதி. 2002ல மேரிலேண்ட்ல ஒரு குளத்துல கண்டுபிடிச்சு அவ்வளவு பேரும் பயந்து போய், இப்ப ஆறெல்லாம் பரவி, பிடிச்சு தின்னுங்கன்னு அரசாங்கமே சொல்லுது. சதுப்பு ஓரத்துல, புல்லுக்குள்ள, முழங்கால் தண்ணியில தான் கெடக்கும், கயாக்கே வேணாம். தோல உரிச்சுட்டு, கொரக்காய் போட்டு, மெளகு தூக்கலா அம்மா மாதிரி வை. மருமகளுக்கு முள்ளு பயம்னு சொல்லுவியே, விரால்ல முள்ளு கொறவு.

மருமக எப்படி இருக்கா. போன வாரம் கோல் எடுத்தப்ப அவ தான் பேசுனா, நீ தூங்குறன்னு சொன்னா. அங்க அப்ப காலையில பதினொரு மணி.

அந்த போட்டோ செவ்வாக்கிழமை போட்டது, அதுக்கு முன்னாடி போட்டது வியாழக்கிழமை. லீவா இருக்கும்னு அம்மா சொன்னா, நானும் ஆமான்னேன். மாசம் பொறந்தா காசு வந்துருது, ஒரு நாள் பிந்தல, அதுல ஒனக்கு நான் சொல்ல ஒன்னுமில்ல. ஆனா இந்த மாசம் வேணாம் மகன். வர்ற மாசமும் வேணாம். எனக்கு பென்சன் இல்லாட்டியும் ஈபிஎஃப் காசு கொஞ்சம் பேங்க்ல கெடக்கு, அக்கா மாப்பிள்ளையும் ரொம்ப உதவியா இருக்காரு, மேல்வீட்டு தகரம் மாத்துறத அடுத்த வருசம் பாத்துக்கலாம், ஒழுகுற எடத்துல வாளி வச்சாச்சு.

ஒங்க தாத்தா ஒரு வருசம் முழுக்க தூண்டில எடுத்துக்கிட்டு காசல்ரீ கரைக்கு போனாரு, நீயும் கூட போயிருக்க. அவர யாரும் வீட்டுல ஒரு வார்த்த கேக்கல. திலாப்பியா கொண்டாந்தா பாட்டி கழுவி சட்டியில போட்டா, வெறுங்கையோட வந்தா ரொட்டி சுட்டு குடுத்தா. நானும் ஒன்ன கேக்க மாட்டேன். பேராதனை கேம்பஸுக்கு இந்த தோட்டத்துல இருந்து மொத மொதல்ல போனவன் நீ, அத யாரும் எந்த கடுதாசி குடுத்தும் திருப்பி எடுக்க முடியாது.

மெரட்டுறேன்னு நெனைக்காத, ஜாக்கெட் விசயத்துல மட்டும் மெரட்டுறேன். டேக்க வெட்டி எறிஞ்சுட்டு, ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்து, ஒரு போட்டோ அனுப்பு. எந்த கிழமையில எடுத்தாலும் பரவால்ல.

எங்களுக்கு ராத்திரி ஒன்பதரைன்னா ஒனக்கு மத்தியானம் 12 மணி. அம்மா அந்த நேரம் மருந்து போட்டுட்டு படுத்துருவா, நான் முழிச்சு தான் இருப்பேன். அப்ப எடு. மீன் கதை பேசுனாலும் சரி, பேசாம இருந்தாலும் சரி, ரீலோட் எல்லாம் போட்டு தான் வச்சிருக்கேன்.

அப்பா