சரக்கு விவரப் பகுதி மாறுகிறது: கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அடுத்த அப்டேட்டில் பில்லிங் மென்பொருளின் சரக்கு விவரப் பகுதி மாறுகிறது. இதுவரை எல்லாக் கடைக்கும் ஒரே அட்டவணை, ஓரத்தில் 'கூடுதல் 1' முதல் 'கூடுதல் 10' வரை காலிக் கட்டங்கள். 'கூடுதல் 3' ஜவுளிக்கடையில் சைஸ், ஹார்டுவேர் கடையில் பைப் விட்டம், மருந்துக்கடையில் காலாவதித் தேதி. எல்லாமே வெறும் எழுத்தாகப் பதிவானதால் '03/2027' வரிசையில் '11/2025'க்கு முன்னால் போய் நிற்கும். காலாவதிப் பட்டியல் குழம்பியதற்குக் காரணம் அதுதான்.

இனி உங்கள் கடைக்கு வேண்டிய விவரங்களுக்கு நீங்களே பெயர் வைக்கலாம். அவை மென்பொருளின் தகவல்களைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், 'ஜேசன்பி' என்ற நெடுவரிசை ஒன்றில் சேரும்; எந்தப் பெயரிலும் விவரம் ஏற்கும் நெகிழ்வான வகை அது. ஆனால் விலை, இருப்பு, எச்.எஸ்.என். (வரிக்கான சரக்குக் குறியீடு) ஆகியவற்றை அதற்குள் போடவில்லை. விலைக் கட்டத்தில் எழுத்து விழுந்தால் தரவுத்தளமே மறுக்க வேண்டும்; அங்கே நெகிழ்வு ஆபத்து. காலாவதித் தேதி, பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வாரியான தனி அட்டவணைக்குப் போகிறது, ஒரே மாத்திரை இரண்டு பேட்ச்சில் இரண்டு தேதியோடு வருமே! வரி விகிதம் தேதியோடு தனியாக இருக்கும். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் அன்றைய விகிதம் பதிவாகும். 2025 செப்டம்பர் 22-இல் பல பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. அதற்கு முந்தைய பில்லுக்குச் சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட் (திரும்பிய சரக்குக்கான வரவுச் சீட்டு) பழைய விகிதத்தில்தான் வர வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் பெயரில்தான். 'கலர்', 'நிறம்', கடைசியில் ஒரு இடைவெளி விழுந்த 'கலர் ' என மூன்று விதமாக அடித்தால் மூன்று விவரங்கள். ரிப்போர்ட்டும் மூன்றாக உடையும். அதனால் புது விவரத்தை முதலாளி லாகினில் மட்டுமே சேர்க்க முடியும். வகையையும் அப்போதே தேர்ந்தெடுங்கள்: ஜேசன்பிக்கு 25 என்ற எண் வேறு, '25' என்ற எழுத்து வேறு, ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. எக்ஸ்எல், 32 இரண்டும் வரும் சைஸுக்கு எழுத்து வகை. விட்டத்துக்கு எண் வகை, அலகைப் பெயரிலேயே சேர்த்து 'விட்டம் மி.மீ.' என வையுங்கள். '20 முதல் 40 மி.மீ. வரை' என்று அடிக்கடி தேடுபவர்கள் சொல்லுங்கள், அதற்குத் தனி இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட வேண்டும்.

அப்டேட்டுக்கு முன் பென் டிரைவில் பேக்கப் எடுத்துவிட்டு, எந்தக் 'கூடுதல்' கட்டத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். '05/26' என்றிருந்தால் 2026 மே 31 என மாற்றுவோம். '31/02/2026' போன்றவற்றை ஊகிக்க மாட்டோம். அவை தனிப் பட்டியலாக வரும், மருந்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். பழைய கட்டங்கள் 3 மாதம் பார்க்க மட்டும் இருக்கும், பிறகு நீக்கப்படும்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புக் குழு