எடைக்குப் போகவிருந்த தொகுதிகள்

மதுரை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பேத்திக்குக் கண்ணாடி போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். மைனஸ் ஒன்றரைக்கெல்லாம் கலங்காதே. சாயங்காலம் அவளை வெளியே விளையாட விடு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பவர் பார்த்துக்கொள்.

என் சேதி வேறு. நான் வகுப்பெடுக்கப் போகிற கல்லூரியில் நூலகத்தைக் காலி செய்தார்கள். எல்லாம் கணினியில் கிடைக்கிறதாம். பழைய ஆய்விதழ்களைச் சணலால் கட்டி, எடைக்குப் போட வராந்தாவில் அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்த கட்டில் நம் பார்வைப் பரிசோதனைத் துறையின் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆப்டோமெட்ரி அண்ட் பிசியாலஜிக்கல் ஆப்டிக்ஸ்', 53ஆம் தொகுதி. மனசு கேட்கவில்லை. கேட்டு வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

1924இல் மினியாபொலிஸில் தொடங்கிய இதழ். கேரல் காக் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியராக இருந்து வளர்த்தார். பெயர் மாறி மாறி, 1989இலிருந்து 'ஆப்டோமெட்ரி அண்ட் விஷன் சயின்ஸ்'. நூறு வயது ஆகிவிட்டது.

நாம் படித்த முதல் வருஷம் வகுப்பில் நீ எழுந்து கேட்டாயே, "சார், கண் பார்க்கும் சார்ட்டில் மேல் வரியில் ஏன் ஒரே எழுத்து?" என்று? "சார்ட்டைச் செய்த ஸ்னெல்லன் அப்படிப் போட்டார், எழுதிக்கொள்" என்று சார் உன்னை உட்கார வைத்துவிட்டார். மெல்போர்னில் இயன் பெய்லியும் ஜேன் லோவியும் அதே இடத்தில்தான் கைவைத்திருக்கிறார்கள். 1976இல் இந்தத் தொகுதியில், ஆறே பக்கம். வரிக்கு ஐந்து எழுத்து. படிக்கச் சிரமம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று. எழுத்து சிறுக்கச் சிறுக்க இடைவெளியும் அதே கணக்கில் சுருங்கும், மூன்று வரி இறங்கினால் அளவு சரிபாதி. மேலிருந்து கீழ்வரை மாறுவது அளவு ஒன்றுதான். தனியாக நிற்கும் பெரிய எழுத்தைப் படிப்பதும், கீழே நெருக்கியடிக்கும் எழுத்துகளைப் படிப்பதும் ஒரே வேலையா என்ன? நாம் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவந்தோம், வசந்தி.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார், ஓய்வுபெற்ற வாத்தியார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்கிறார். ஊசிக்கு முன் 6/60, அதாவது நல்ல கண் அறுபது மீட்டரில் படிப்பதை இவர் ஆறு மீட்டரில்தான் படிப்பார். பின்னும் 6/60. "காசு தண்டம்மா" என்றார். ஸ்னெல்லனில் 6/60க்கு அடுத்தது 6/36, நடுவில் படியே இல்லை. பெய்லி-லோவி முறையில் செய்த சார்ட்டில் முதல் தடவை மேல் வரி ஐந்தெழுத்து மட்டும் படித்தது என் குறிப்பில் இருந்தது. இந்தத் தடவை தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடித் தேடி, இரண்டாவது வரி முழுக்கப் படித்தார். மூன்றாவதில் "எச்..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "வி" என்றார். ஏழு எழுத்து கூடுதல். அந்தச் சார்ட்டின் பார்வை அளவில் (லாக்மார்) எழுத்துக்கு 0.02 என்று கணக்குப் போட்டு, பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சீட்டை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஊசிக்கு நாள் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த ஆறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கேள்விக்கு அன்றே வந்திருக்க வேண்டிய பதில் அது. மிச்சத் தொகுதிகள் கூடத்தில் இருக்கின்றன, பொங்கலுக்கு வரும்போது நிதானமாகப் பார்.

அன்புடன்,
மல்லிகா