தோட்டப் பாற்பண்ணையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டம் போதிய ஆட்கள் வராமல் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு நடந்தது. மாட்டுப்பொங்கல் வழமைபோல் கோயில் முன்றலில் நடைபெற்றது. மாட்டின் காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய்க்கான தடுப்பூசி, அன்று காலையில் மாட்டை மலைக்கு ஓட்டிவிட்டவர்களுடையதைத் தவிர, எல்லா டிவிஷன்களிலும் போடப்பட்டது. அடுத்தது சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல். மாடு சினைக்கு வந்த அறிகுறி காலையில் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் அந்த ஊசி போட வேண்டும். இரண்டு நாள் கழித்து ஆளைக் கூப்பிட்டுவிட்டு ஊசி பிடிக்கவில்லை என்று முறையிடுவதில் பயனில்லை.

இவ்வாண்டின் முக்கிய வேலை சைலேஜ், அதாவது பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீன். அதைப்பற்றிப் பலவிதமாகப் பேசப்படுவதால் விபரமாகவே எழுதுகிறேன்.

தை முதல் பங்குனி வரை பனியிலும் வெயிலிலும் புல் கருகிவிடுகிறது. அப்போது கடைத் தீவன மூட்டைக்கு ஓடுகிறோம், அல்லது மருந்தடித்த லீக்ஸ், கோவா இலைகளை அள்ளிப் போடுகிறோம். 2022இல் தீவன விலை ஏறியபோது, சொந்தப் புல் இல்லாதவர்கள்தான் கறவை மாட்டையே விற்றார்கள். ஆகவே புரட்டாசிக்குள் கோ-3 என்ற தீவனப் புல்லை வெட்டிப் பதப்படுத்த வேண்டும் என்று குழு தீர்மானித்தது.

தண்டு முற்றுமுன் வெட்ட வேண்டும். நம் குளிரில் அது மெதுவாக வளர்வதால் நாட்கணக்கு பார்க்காமல் உயரத்தைப் பாருங்கள். நெஞ்சளவு வந்தால் போதும். அரைநாள் வாடவிட்டு, 2 முதல் 3 சென்ரிமீற்றர் துண்டாக நறுக்குங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிக்கும்போது விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் ஈரம். கையை விரித்ததும் உருண்டை மெல்ல அவிழ்ந்தால் பதம் சரி. 100 கிலோ புல்லுக்கு 3 கிலோ மொலாசஸ் (சீனி ஆலைக் கழிவுப்பாகு), அதே அளவு தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். தடித்த கறுப்புப் பொலித்தீன் பையை உரச்சாக்குக்குள் விட்டு, அடுக்கடுக்காகப் போட்டு முழங்காலால் அழுத்தி, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடக்கி சைக்கிள் டியூப்பால் கட்டுங்கள். நாற்பது நாள் திறக்க வேண்டாம். மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ என்று வைத்தால், இரண்டு மாட்டுக்கு ஒரு மாதத்துக்கு 30 கிலோ பை இருபது வேண்டும். பால் கறந்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் பாலில் வாடை ஏறும்.

சில வீடுகளில் பை நாறிப்போனது உண்மை. மழையில் வெட்டிய புல்லை வாடவிடாமல் அப்படியே திணித்தால் அழுகாமல் என்ன செய்யும்? வேறு சில பைகளை எலி கடித்துக் காற்றுப் புகுந்து பூஞ்சணம் பிடித்தது. பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி செய்த வீடுகளில் புளிப்பு வாசமும் மஞ்சள்பச்சை நிறமுமாக நல்ல தீன் கிடைத்தது. குறை சொன்னவர்களில் பெரும்பாலோர் செயல்விளக்கத்துக்கே வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மாடுகளின் நிலை பற்றி இரண்டு விடயம். 10 லீற்றர் கறக்கும் மாட்டுக்குக் குறைந்தது 50 லீற்றர் தண்ணீர் வேண்டும். நாம் மாலையில் ஒரு வாளி வைத்துவிட்டுப் பால் குறைகிறதே என்கிறோம். பீலியிலிருந்து அரை அங்குலக் குழாய் இழுத்து, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாயில் மிதவை வால்வு பூட்டினால் இரவிலும் குடிக்கும். அடுத்தது சீம்பால். கன்று விழுந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லீற்றர், அதற்குத்தான். அடுத்த லயத்துக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் அதன்பிறகு இருக்கட்டும்.

மடிநோயால் பால் திருப்பப்பட்டதாக முறைப்பாடுகள் வந்தன. முதல் மூன்று பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி தெரிந்தால் அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, பாலைத் தனியே வையுங்கள். ஒருவர் கலந்தால் தாங்கி முழுவதும் போகிறது.

7 பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்களுக்குப் புல் போட இடமில்லை. ஓடையோரத் தரிசில் புல் நட அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அதே ஓடையில் கொட்டிலைக் கழுவிச் சாணத்தை விடுவது நம் கோரிக்கைக்கு நல்லதல்ல. ஆக்ரா ஓயாவில் சேர்ந்து, கொத்மலை ஓயா வழியாகத் தலவாக்கலை நீர்த்தேக்கம் வரை போகும் தண்ணீர் அது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, மீதி சொற்பம். சந்தா நிலுவை மட்டும் அந்த மீதியைவிடப் பல மடங்கு. மானிய விண்ணப்பம் வருகிறதென்றால் மண்டபம் நிறைகிறது, சந்தாப் புத்தகத்தைத் திறந்தால் வெளியே மழை வரும்போல் இருக்கிறது. புல் வெட்டும் இயந்திரம் யார் வீட்டிலிருந்து கத்தி மழுங்கி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், எழுதத் தேவையில்லை.

மிருக வைத்தியருக்கும், இடம் தந்த கோயில் பரிபாலன சபைக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்கிறேன். ஆனால் புதிய கத்தி வாங்காமல் புரட்டாசிப் புல்லை நறுக்க முடியாது. அடுத்த பால் பணம் வரும் வாரத்தில் பொருளாளர் வீடு வீடாக வருவார். ரசீதுப் புத்தகம் அவரிடமே இருக்கும்.

செயலாளர்