‘பல நிறத் தேடல்’ தமிழ் எழுத்தைப் பாதியில் வெட்டுகிறது: திருத்தம் கோரிப் புகார்

அனுப்புநர்:
ஏலக் கணக்குத் தட்டச்சுப் பிரிவு,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை.

பொருள்: எடிட்டரின் கட்டணப் பதிப்பில் பல நிறத் தேடல் தமிழ்க் கோப்புகளில் பிழையாக இயங்குவது குறித்து.

ஐயா,

வணக்கம். உங்கள் உரை எடிட்டரின் கட்டணப் பதிப்பை 3 கணினிகளுக்கு வாங்கியிருக்கிறோம். வாங்கியது ஒரே ஒரு வசதிக்காக: 8 சொற்களை 8 நிறத்தில் ஒரே நேரத்தில் காட்டும் தேடல். மீன் ஏலக் கணக்கு எங்களுக்கு வெறும் உரைக் கோப்பாகத்தான் வருகிறது. தேதி, படகு எண், வடகடலா தென்கடலா, மீன், எடை, விலை, எல்லாம் ஒரே வரியில். வடகடலுக்கு நீலம், தென்கடலுக்குப் பச்சை, இறாலுக்குச் சிவப்பு, நண்டுக்கு மஞ்சள் என்று போட்டுவிட்டால், உருட்டிக்கொண்டு போகும்போதே தப்பான வரி கண்ணில் பட்டுவிடும். ஆங்கிலக் கோப்பில் அப்படித்தான் நடக்கிறது. தமிழில் இல்லை.

பெரிய பிழையை முதலில் சொல்கிறோம். ‘இறால்’ என்று தேடினால் ‘இறாலை’, ‘இறாலுக்கு’ இரண்டும் சிக்காது; உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. அதனால் புள்ளியை விட்டு ‘இறால’ என்று தேட வேண்டியிருக்கிறது. நீங்களே செய்து பாருங்கள். புதுக் கோப்பு ஒன்றை யூடிஎஃப்-8 (யூனிகோடு) ஆகச் சேமித்து, ‘இறால் 12 கிலோ, இறாலுக்கு விலை இல்லை’ என்று அடியுங்கள். முதல் கட்டத்தில் ‘இறால’ போட்டுச் சிவப்பு கொடுங்கள். சிவப்பு ‘ல’வோடு நின்றுவிடும். புள்ளி வெளியே விழுந்து, ஒரு புள்ளிவட்டத்தின் தலையில் தனியாக நிற்கும். அடுத்த சொல்லில் ‘லு’ உடைந்து ‘ல’ ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம்.

இதை முன்பே எழுதியதற்கு, எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. லதா, நிர்மலா யுஐ இரண்டிலும் பார்த்தாயிற்று; அதே கதைதான். எழுத்துருவின் மேல் குற்றமில்லை. நிறம் மாறும் இடத்தில் உங்கள் நிரல் வரியை இரண்டு துண்டாக்கித் தனித்தனியாக வரைகிறது. யூனிகோடில் ‘ல’ ஒரு குறியீடு, புள்ளி இன்னொரு குறியீடு (எண் 3021). படிக்கிறவருக்கு ‘ல்’ ஒரே எழுத்து. எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்பது யூனிகோடின் 29ஆம் இணைப்பில் எழுதியே இருக்கிறது. தேடல் ‘ல’வில் முடிந்தாலும் நிறம் அந்த எழுத்து முடியும்வரை போக வேண்டும். பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போவதில்லை இது: ‘நிறமிட்டதை நகலெடு’ கொடுத்தால் ‘இறால’ என்று புள்ளியில்லாமல்தான் வெளியே வருகிறது.

இப்போதைக்கு ரீஜெக்ஸ் (தேடும் வடிவத்தை விதியாக எழுதும் முறை) வைத்து ஒப்பேற்றுகிறோம். ‘இறால’வுக்குப் பின்னால் 3006 முதல் 3021 வரையுள்ள குறிகளில் (துணைக்கால் முதல் புள்ளி வரை) ஏதாவது ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள் என்று எழுதினால் முழு எழுத்தும் சிவக்கிறது. 8 கட்டத்திலும் இதை அடித்துக்கொண்டிருக்கவா காசு கொடுத்தது?

‘முழுச்சொல் மட்டும்’ என்பதை டிக் செய்தால் இன்னும் வேடிக்கை. ‘சூடை’, ‘ஊளி’, ‘கணவாய்’ என்ற மீன் பெயர்கள் மூன்றுக்கும் விடை பூஜ்யம், கோப்பு முழுக்க அவை இருந்தும். ‘கட்ட’ என்று தேடினால் ‘பணம் கட்ட’ நிறம் பெறுவது சரி. ‘கட்டா’ மீனிலும் முதல் மூன்றெழுத்து நிறம் பெறுகிறது. உங்கள் நிரல் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. ஆகவே குறியில் முடியும் சொல்லுக்கு எல்லையே கிடைப்பதில்லை. சொல்லின் நடுவில் குறி வந்தால் அங்கே எல்லை என்று நினைத்துக்கொள்கிறது. தமிழுக்குரிய 2944 முதல் 3071 வரையுள்ள எதுவும் ஒட்டியிருந்தால் சொல் முடியவில்லை என்று கொண்டாலே போதும். எண்களில் இந்தத் தகராறு கிடையாது: டிக் செய்து 64 என்று தேடினால் 640 முதல் 649 வரையுள்ள படகுகள் சரியாகவே விலகிக்கொள்கின்றன.

‘கொடுவா’ மீனில் வேறு சிக்கல். ‘கொ’வை ஒரே குறியாகவும் (3018) அடிக்கலாம்; ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக (3014, 3006) இரண்டாகவும் இருக்கலாம். பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது இரண்டாவது வகை வந்துவிடுகிறது. திரையில் எள்ளளவும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. உங்கள் எடிட்டரோ ஒன்றுக்கு நிறம் போட்டு மற்றதை விட்டுவிடுகிறது. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். கோப்பில் இருப்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘கெளுத்தி’யின் ‘கெள’ சில கோப்புகளில் ஔகாரக் குறியோடு வருவதற்கு நீங்கள் பொறுப்பல்ல, அது எழுத்துரு மாற்றியின் கைவரிசை. ‘இரால்’, ‘இறால்’ என்று இருவிதமாக எழுதுவதும் அப்படியே. ஆனால் ஒரே நிறக் கட்டத்தில் இரண்டு மூன்று வடிவங்களைப் போட இடம் கொடுத்தால் பாதி வேலை குறையும்.

அடுத்தது, சொல்லுக்குள் சொல். ‘மீன்’ ஊதா, ‘நெய்மீன்’ ஆரஞ்சு என்று வைத்தால், கோப்பைத் திறக்கும்போது ஒரு நாள் முழுதும் ஆரஞ்சு, மறுநாள் பாதி ஊதா. எது ஜெயிக்கும் என்று விதி இருக்கிறதா? விம் எடிட்டரின் மேட்ச்ஆட் (matchadd) செயற்கூறில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னுரிமை எண் தரலாம், தராவிட்டால் 10 என்று எடுத்துக்கொள்ளும். காசு வாங்காத நோட்பேட்++கூட 5 நிறம் தருகிறது. அவ்வளவு வேண்டாம். நீளமான சொல்லுக்கு முதலிடம், நீளம் ஒன்றானால் பட்டியலில் மேலே இருப்பதற்கு என்றாவது வையுங்கள்.

நிறங்கள் பற்றி ஒரு வரி: ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் ஏலக்கூடத்து வெயிலில் ஒன்றாகத் தெரிகின்றன, கறுப்பு வெள்ளை அச்சில் எட்டுமே சாம்பல். அடிக்கோடு, கட்டம் போன்ற குறிகளும் வேண்டும்.

ஏப்ரல் 15இல் தொடங்கிய 61 நாள் தடைக்காலம் ஜூன் 14இல் முடிகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இந்த நாட்களில்தான் பழைய கணக்கைச் சரிபார்க்க முடியும். பாதி எழுத்துப் பிழையும் முழுச்சொல் பிழையும் அதற்குள் திருத்தப்பட வேண்டும். மற்றவை பிறகு வரட்டும். முடியாதென்றால் 3 உரிமங்களுக்கும் கட்டிய தொகையைத் திருப்பித் தரவும். பிழை தெரியும் சோதனைக் கோப்பும் 6 திரைப்பிடிப்புகளும் (ஸ்கிரீன்ஷாட்) இணைத்துள்ளோம். கோப்பில் 4ஆம் வரியிலும் 9ஆம் வரியிலும் உள்ள ‘கொடுவா’ பார்க்க ஒன்றுபோல் இருக்கும், குறியீடு வேறு. திறந்து மறுபடி சேமித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஏலக் கணக்குத் தட்டச்சுப் பிரிவினர்