இரண்டுமே இடதுபக்க ஆர்ம்: காயில்ஓவர் செட் பற்றிய புகார்

அனுப்புநர்:
கல் பட்டறை உரிமையாளர், ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், கோயம்புத்தூர்.

பொருள்: உயரம் தாழ்த்திய இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டிக்கு வாங்கிய முன்பக்க காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது), கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) செட்டில் தவறான பாகங்கள் வந்தது, மாற்றித் தராமல் அலைக்கழிப்பது தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம்.

போனில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, "சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால்தான் எழுத்தில் கொடுக்கிறேன். பில் நம்பர், புகார் நம்பர் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன.

என்னுடையது 2018 மாடல் வண்டி. நான் வாங்கும்போதே இரண்டு அங்குலம் தாழ்த்தியிருந்தார்கள். தரையில் பதிக்கும் கல் (டைல்) ஏற்றி இறக்க அந்த உயரம் தோதாக இருந்தது. முன்பக்கம்தான் தொல்லை. சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து, டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. வேகத்தடை வந்தால் ஆர்ம் நேராகப் போய் பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்பு ரப்பரில் இடிக்கும். அந்த இடியில் பின்னால் அடுக்கியிருக்கும் கல்லின் முனை உடையும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் கையால் வார்ப்பது. மெஷினில் பாலிஷ் போட்டுச் சரிசெய்கிற சரக்கு அல்ல. முனை போனால் அந்தக் கல்லே போச்சு.

"தாழ்த்திய வண்டிக்கென்றே செய்தது, கேம்பரும் காஸ்டரும் சரியான அளவுக்கு வரும்" (சக்கரம் உள்ளே-வெளியே சாய்வது கேம்பர், அது திரும்பும் அச்சு முன்-பின் சாய்வது காஸ்டர்) என்று உங்கள் ஆட்கள் சொன்னதை நம்பித்தான் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டினேன். முழுப் பணமும் முன்கூட்டியே.

காரைக்குடியில் என் மெக்கானிக் பழைய ஆர்ம்களைக் கழற்றி, இடது பக்கம் மாட்டினார். சரியாக உட்கார்ந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், வெல்டிங் நன்றாகவே இருந்தது. அப்புறம் வலது பக்கத்துக்கு அடுத்த அப்பர் ஆர்மை (மேல் ஆர்ம்) எடுத்தால் அதுவும் இடது. மேலே 'ஆர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உரித்துப் பார்த்தால் அடியில் இரும்பிலேயே 'எல்' என்று குத்தியிருக்கிறது. போட்டோ அனுப்பினேன். அனுப்பிய போட்டோவையே மறுபடி மறுபடி கேட்டீர்கள், அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவர் சொன்ன பதிலை இன்னும் மறக்க முடியவில்லை. "திருப்பிப் போட்டு மாட்டுங்க சார், ரெண்டும் ஒண்ணுதான்." இது உங்கள் பொருள். காஸ்டர் கூட வேண்டும் என்றுதானே ஆர்ம் முனையில் சக்கரத்தோடு சேரும் பால் ஜாயின்ட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறீர்கள்? இடது ஆர்மைத் திருப்பி வலது பக்கம் போட்டால் பால் ஜாயின்ட் முன்னால் வந்துவிடும். இடது சக்கரத்தில் காஸ்டர் அதிகம், வலதில் குறைவு. காஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும். நம் ஊரில் வலது பக்கம் இழுத்தால் எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்துத்தான் போகும். திருப்பத்தூர் ரோட்டில் லோடோடு போகிற ஒருவனிடம் சொல்கிற யோசனையா இது? என் மெக்கானிக் படித்ததே பட்டறையில்தான். அவருக்குத் தெரிந்தது, பொருளை விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

ஸ்பிரிங்கைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு காயில்ஓவர் ஸ்பிரிங்கில் விறைப்பு அளவு 600 என்று அச்சிட்டிருக்கிறது, இன்னொன்றில் 700. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் வேறு வேறு விறைப்பா? வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்காதா? கீழ் வளையத்தைத் திருகி உயரத்தைச் சமப்படுத்திக்கொள்ளலாம் என்றார் ஒருவர். உயரம் சமமாகும், விறைப்பு எப்படிச் சமமாகும்?

சரி, நேரில் வந்தால் தீரும் என்று நினைத்தேன். உங்கள் ஆள் ஒருவர்தான் சனிக்கிழமை கோயம்புத்தூர் குடோனுக்குப் பொருளோடு வரச் சொன்னார். ஆர்மைச் சாக்கில் சுற்றி, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் செக்யூரிட்டி, "இன்னைக்கு ஸ்டாக் எடுக்கறாங்க, யாரையும் பார்க்க மாட்டாங்க" என்றார். கெஞ்சிக் கேட்ட பிறகு கவுண்டரிலிருந்து ஒருவர் வந்தார். சாக்கை அவிழ்க்கக்கூட விடவில்லை. "கல்லு ஏத்துற வண்டிக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல் ஏற்றுகிற வண்டிதான். அந்தக் கல் செட்டிநாட்டு வீடுகளில் நூறு வருஷம் தாண்டியும் பளபளக்கிறது. அதைச் சேதமில்லாமல் கொண்டுசேர்க்கத்தான் உங்களிடம் பணம் கட்டினேன். தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்பி வந்தேன். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆர்ம் வருகிறதோ இல்லையோ, இது முதலில் நடக்க வேண்டும்.

இதற்கிடையில் வண்டி பட்டறையில் ஸ்டாண்டில் நிற்கிறது. பழைய ஆர்மில் ரப்பர் புஷ் கிழிந்துபோனதால் அதையும் திரும்ப மாட்ட முடியாது. பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டு வளவுக்கு (உள்முற்றம்) கல் கேட்டிருந்த ஆச்சி, "தம்பி, சாந்திக் கல்யாணத்துக்குள்ள (அறுபதாம் கல்யாணம்) போட்டு முடிச்சிருவீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாடகை வண்டியில் அனுப்பிய கல்லில் பாதி முனை உடைந்து போய்ச் சேர்ந்தது. அவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். தலைமுறையாகச் செய்த தொழில் உங்களால் படுத்துவிட்டது. நஷ்டம் பத்து லட்சத்துக்குக் குறையாது.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. தயவுசெய்து சரியான வலது அப்பர் ஆர்மும், ஒரே அளவு ஸ்பிரிங் ஜோடியும் உங்கள் செலவில் காரைக்குடிக்கே அனுப்புங்கள். மாட்டுகூலி, அலைன்மென்ட் செலவு, வாடகை வண்டிப் பணம் எல்லாம் நீங்கள் தர வேண்டும். மாற்றித் தர முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் போகும். அதோடு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கோயம்புத்தூருக்கு நான் வர வேண்டியதில்லை. 5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இந்தத் தடவை பஸ் ஏறி வர வேண்டியது நீங்கள்தான்.

அந்த நிலைக்கு விடமாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். பில் நகலும், ஸ்டிக்கர் உரித்த ஆர்மின் போட்டோவும் இணைத்திருக்கிறேன். இன்னொரு முறை போட்டோ கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
கல் பட்டறை உரிமையாளர்,
ஆத்தங்குடி.